மேஸ்திரியின் பின்னங்கால்

போன மாதம் இளம் கால்நடை மருத்துவர்களின் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை இப்படி அவ்வப்போது அழைத்து, சால்வை போர்த்தி, சீக்கிரம் முடிக்கும்படி துண்டுச் சீட்டு அனுப்புவது வழக்கம். எனக்கு முன்னால் பேசிய பெண், ஒட்டாத எலும்புக்கு நடுவில் வைப்பதற்கென்று பாக்கெட்டில் வரும் எலும்புத் தூளைப் பற்றித் திரையில் படம் போட்டு விளக்கினாள். நன்றாகத்தான் பேசினாள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், உங்க காலத்துல இதொண்ணும் கிடைக்காதில்லையா? அப்போ எலும்பு எவிடேருந்து வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"பூனைகிட்டேருந்துதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒட்டாத காலுக்கு வேண்டிய எலும்பை அதே பூனையின் தோளிலிருந்து சுரண்டி எடுத்துத்தான் வைப்போம். அப்படி நான் முதன்முதலாகச் செய்த பூனையின் கதையை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாயசம் வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. சொல்ல ஆரம்பித்ததை நடுவில் விட எனக்கு மனசு வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பேர் ஜானகி, திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். எங்கள் தெருவில் வக்கீல் உண்டு, ஆடிட்டர் உண்டு, மாட்டு டாக்டர் நான் ஒருத்திதான். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பு முழுக்க மாடும் எருமையும் ஆடும்தான். யானைக்குக்கூடச் சில நாள் ஒதுக்கினார்கள். பூனைக்குக் கிடைத்தது ஒரு மத்தியானம், அதிலும் பாதி நேரம் பூனையைப் பிடிப்பதிலேயே போயிற்று. பூனையின் எலும்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும், நீங்கள் அதிகம் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் ஒட்டாத எலும்பு என்று ஒரு ஜாதி உண்டு. அதிலும் பின்னங்காலின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு ரொம்பவே படுத்தும். அங்கே சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அது ஒட்டாவிட்டால் மாதக்கணக்கில் ஒட்டாது.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து நகரத்திலேயே ஓர் அரசு மிருக ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே தலைமை சர்ஜன் பணிக்கர் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் முழுக்கைச் சட்டை. பேச்சு என்றால் காசு கேட்டது போல முகம் சுளிப்பார். அவர் அறையில் ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் அவருடைய தோல் பை உட்காரும். வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அறைக்குள் தின்பண்டம் எதுவும் வரக்கூடாது, டீ கூட. ஆஸ்பத்திரியில் மற்ற எல்லா அறைகளிலும் எலி உண்டு. அந்த அறையில் மட்டும் எலிக்கு வேலையே இல்லை.

ஆபரேஷன் செய்யும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். உள்ளங்கையை மட்டும் நீட்டுவார். அதில் அந்த நேரத்துக்கு வேண்டிய கருவியை நாம் வைக்க வேண்டும். தப்பான கருவியை வைத்தால் திட்டமாட்டார். அதைக் கையில் வைத்தபடியே, அது என்ன ஜந்து என்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாமே வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டு சரியானதை வைக்கிற வரை கை அப்படியே நிற்கும். நோயாளிகளுக்கு அவரிடம் பேர் கிடையாது, சீட்டு நம்பர்தான். ஒருதடவை ஏன் சார் என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சா கை நடுங்கும்" என்றார்.

அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் காலையில், நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளி ஒருவர் தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் மூடிய பிரம்புக் கூடையை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் பேர் சசி. அரிசி மூட்டை தூக்குகிற தோரணையிலேயே கூடையை இறக்கினார். பின்னாலேயே நெற்றி நிறையத் திருநீறோடு சுடலைமுத்து அண்ணாச்சி. ஆரியசாலையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். திருநெல்வேலியிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி" என்றார் அண்ணாச்சி.

"உங்க பேரில்லை, பூனையோட பேர்."

"அதைத்தான் சொல்லுதேன் டாக்டரம்மா. லாரியில இருந்து மூட்டை இறக்கையில மேல ஏறி உக்காந்து கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டே இருப்பா. அவ இருக்கான்னா ஒருத்தனும் மூட்டையக் கிழிய விடமாட்டான். கேட்டுப் பாருங்க இவன்கிட்ட."

சசி தலையைக் குனிந்துகொண்டார். அவர் முதுகிலிருந்து சரிந்த மூட்டைதான் மேஸ்திரியின் காலில் விழுந்திருக்கிறது. வேறெங்கோ கட்டை வைத்துக் கட்டி, அது ஒட்டாமல் எங்களிடம் வந்திருந்தார்கள். சாம்பலும் கறுப்பும் வரிபோட்ட பெண் பூனை. வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மேசைமேல் நின்று, ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒழுங்காக வேலை பார்க்கிறோமா என்று ஒரு சுற்றுப் பார்த்தது.

பணிக்கர் சார் எலும்புக்கு உள்ளே எஃகுக் கம்பி செலுத்தி ஆபரேஷன் செய்தார். அதில் அவர் கெட்டிக்காரர். முடித்துவிட்டு அண்ணாச்சியிடம், "கூட்டுல போடணும். வெளிய விடக்கூடாது" என்றார். அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பி, உயிரே போனாலும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

சில வாரம் கழித்து வந்தபோது கால் ஒட்டவில்லை. நான் மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். முட்டி இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முட்டி மடங்கியது. எக்ஸ்ரேயில் கம்பி தளர்ந்து நின்றது. சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலை எடுத்துடலாம்" என்றார். "பூனைக்கு மூணு காலு மதி."

மதி என்றால் போதும். அவர் சொன்னது வைத்தியப்படி சரிதான். காலை எடுத்த பூனைகள் சில நாளிலேயே மூன்று காலில் ஓட ஆரம்பித்துவிடும், நமக்குத்தான் பார்க்க மனசு கேட்காது. ஆனால் அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது.

"சார், வீட்டுப் பூனைன்னா சரி. இவ மூட்டை மேல ஏறணும்லா? சாலையில தெருநாய் ஒரு பட்டாளம் இருக்கு. ராத்திரி ஷட்டருக்கு அடியில நுழைஞ்சு வந்துரும். அடுக்குக்கு மேல இருக்குறதுனாலதான் இவ இன்னிக்கு வரைக்கும் உயிரோட இருக்கா. கீழ கெடந்தா ஒரு வாரம் தாங்கமாட்டா."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டாத எலும்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முனைகள் கூர்த்து, தேய்ந்து, ஒட்டும் ஆசையே விட்டுப்போயிருக்கும். இன்னொன்றில் முனைகள் இரண்டும் தடித்துப் பருத்து, யானையின் பாதம் போல விரிந்திருக்கும். அது உயிருள்ள எலும்பு. ஒட்டுவதற்காக மேலும் மேலும் புது எலும்பை வளர்க்கும், ஆனால் அசைவு நிற்காததால் ஒட்ட முடியாது. மேஸ்திரியின் எலும்பு இந்த இரண்டாவது வகை.

"சார், இது செத்த எலும்பில்லை. ஒட்டப் பாக்கறது. யாரோ ஆட்டிண்டே இருக்கா" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். உள்ளங்கையில் தப்பான கருவி வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. "ஆரு ஆட்டுது?"

"கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன் சார்."

"பாரு. அது கழிஞ்சு எடுக்கலாம்" என்றார். எடுக்கலாம் என்றது காலை.

மறுநாளே ஆரியசாலைக்குப் போனேன். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவர் கூண்டு செய்திருந்த அழகைப் பார்த்தால் எனக்கே உள்ளே போய் உட்காரலாம் போல இருந்தது. வெல்டரைக் கூப்பிட்டு அளவெடுத்துச் செய்து, பச்சை பெயிண்ட் அடித்து, உள்ளே சாக்கு மடித்துப் போட்டு, தண்ணீருக்குக் கிண்ணம் கட்டி, அடியில் நான்கு சக்கரம் வேறு வைத்திருந்தார். மேஸ்திரி சாக்கின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் எதற்கு என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தூக்க வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அண்ணாச்சி கையலம்பப் போனார். தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்து சோற்றுப் பொதி பிரித்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். குடோன் அடங்கியது. நான் ஒரு பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் எலி பச்சரிசி வரிசையிலிருந்து இறங்கி வந்தது. அவசரமே இல்லை. பின்னால் இன்னும் இரண்டு. மூன்றும் கூண்டுக்கு எதிரே வந்து நின்றன. அதில் ஒன்று கம்பிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, மீசையை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், கூண்டு வெடித்தது போல ஆயிற்று. மேஸ்திரி கம்பியில் மோதி விழுந்தது, எழுந்து திரும்பவும் மோதியது. ஒட்டாத காலையும் சேர்த்து ஊன்றி உந்திப் பாய்ந்தது. கூண்டு சக்கரத்தில் உருண்டு என் முழங்காலில் வந்து இடித்தது. எலி மீசையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் போயிற்று.

நான் கத்திய கத்தில் சசி ஓடி வந்தார். "பயப்படாண்டாம் மேடம். இது டெய்லி உள்ளதாக்கும்."

"தினமுமா?"

"உச்சைக்கு ஒரு தடவை, கடை சாத்தினா பின்னே ராத்திரி முழுக்க. இப்போ மேஸ்திரிக்கு நோக்குகூலி ஆக்கும், பாத்துக்கிட்டு இருந்தா மதி. ஆனா அவளுக்கு அது பிடிக்கல்ல."

வேறொருவர் சரக்கை இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கேட்கிற கூலிக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பேர். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அண்ணாச்சி ஈரக்கையோடு வந்தார்.

"அண்ணாச்சி, இத்தனை எலி நடமாடற இடத்துல கூண்டை வைக்கலாமா? வீட்டுல வைக்கக் கூடாதோ?"

அவர் என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன டாக்டரம்மா இப்பிடிக் கேக்குதீய? மேஸ்திரி லீவுல இருக்கான்னு எலிக்குத் தெரிஞ்சா கடை என்னத்துக்கு ஆவும்? அதாம் முகத்தக் காட்டி வச்சிருக்கேன். இன்னிக்குப் பச்சரிசி வரிசை, நாளைக்குத் துவரம்பருப்பு. அதுக்குத்தாம்லா சக்கரம்!"

மனுஷன் தன் பூனையை ரோந்து சுற்ற வைத்திருந்தார். ஒவ்வொரு வரிசை எலிக்கும் மேஸ்திரி பணியில் இருப்பதை நேரில் காட்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில், அறிவிருக்கா என்று கேட்டே விட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"கூட்டுல போடுன்னு சொன்னீய, போட்டேன். வெளிய விடாதன்னு சொன்னீய, விடல. எலியப் பாக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையேம்மா."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

திரும்பிப் போய்ப் பணிக்கர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். சக்கரம் வரை வந்தபோது அவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடங்கினதும், "அப்போ ஆபரேஷன் கழிஞ்சு எங்கே வைக்கும்?" என்றார்.

அதுதான் சிக்கல். அண்ணாச்சி குடியிருந்தது கடைக்கு மாடியில், எலிகளுக்குப் படியேறத் தெரியும். எங்கள் வீட்டில் வைக்கலாமா என்று என் கணவரைக் கேட்டதற்கு, "நம்மாத்து மச்சுல எலி நமக்கு முன்னாடியே குடிவந்தாச்சு. பாவம், அந்தப் பூனை நெஞ்சு வெடிச்சுப் போயிடும். அதுக்கு மீன் யார் வாங்கிண்டு வருவா? நீ மீன்கூடையோட இந்தத் தெருவில நடந்து வர அழகை நான் பாக்கணுமா?" என்றார். ஆஸ்பத்திரி வார்டில் இரவு பகலாக நாய்கள் குரைக்கும். தீவன அறையைச் சொல்லவே வேண்டாம். யோசித்துப் பார்த்தால் நகரத்திலேயே எலி இல்லாத, சத்தம் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் அவர் எதிரே நின்று, "சார், உங்க ரூமில வைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். போகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அப்போது அவர் எழுந்து, இரண்டாவது நாற்காலியில் இருந்த தோல் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"கூண்டு இதில வை. ஒட்டலேங்கில் காலை நானே எடுக்கும். பின்னே பேச்சில்ல."

எலும்போடு வைத்துத் திருகுகிற பிளேட் பூனை அளவுக்கு அப்போது எங்களுக்குக் கிடைக்காது. மனிதர்களின் விரல் எலும்புக்கு வைக்கிற சின்ன பிளேட்டைத் தேடி, ஆபரேஷன் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகொண்டே, "பேஷண்டுக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார். "அரிசிக் கடையில மேஸ்திரி" என்றேன். "அப்போ ஸ்ட்ராங் ஆயிட்டு வேணும்" என்று அவராகவே தடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது சரியான அளவாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் அன்று நான் சர்ஜன், சார் உதவிக்கு. அது அவரே செய்த ஏற்பாடு. காலின் உள்பக்கம், தோலுக்கு அடுத்து எலும்பு வருகிற இடத்தில் கீறித் திறந்தேன். தளர்ந்த கம்பியை உருவினேன். முறிந்த முனைகளுக்கு நடுவே வெள்ளையாக ரப்பர் மாதிரி ஒரு சதை வளர்ந்திருந்தது. இதுவரை நடந்த அத்தனை ஆட்டத்துக்கும் அதுதான் சாட்சி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுக்க வேண்டும். எலும்பின் உள்குழாய் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருந்தது. மெல்லிய துளைக்கருவியால் திறந்துகொண்டே போனேன். ரத்தம் கசிந்தது. மற்ற ஆபரேஷன்களில் ரத்தம் வந்தால் பதறுவோம், இதில் வரும்வரை பதற வேண்டும்.

பிளேட்டை வைத்து உள்ளங்கையை நீட்டினேன். சரியான ஸ்க்ரூ வந்து உட்கார்ந்தது. திரும்ப நீட்டினேன், திருப்புளி வந்தது. கேட்காமலே, ஒரு நொடி தாமதிக்காமல், வேண்டியது வேண்டிய பக்கம் திரும்பி வந்தது. இத்தனை வருஷம் அந்தக் கையிடம் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

பிறகு தோள். முன்னங்காலின் உச்சியில் சின்னதாகக் கீறி, எலும்பில் ஒரு துளை போட்டு, குட்டிக் கரண்டியால் உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். நனைந்த சிவப்பு ரவை போல வரும். ரத்தத்தில் ஊறிய துணியில் அதை மூடி வைத்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாக முறிவைச் சுற்றி அடைக்க வேண்டும். அடைத்தபின் கழுவக் கூடாது, கழுவினால் அத்தனையும் போய்விடும். பழக்கத்தில் நர்ஸ் உப்புநீரை எடுத்துக்கொண்டு வந்தாள். சார் தன் இரண்டு கையையும் விரித்துப் புண்ணுக்கு மேல் குடை பிடித்தார். நான் தையல் போட்டு முடிக்கிறவரை அந்தக் குடை அங்கேயே நின்றது.

மேஸ்திரி நாற்காலிக்கு வந்தது. அண்ணாச்சியின் கூண்டுதான், சக்கரத்தை மட்டும் கழற்றச் சொன்னேன்.

முதல் சில நாள் சார் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார். அப்புறம் மேசை கொஞ்சம் திரும்பியது. கதவை அடித்துச் சாத்தக்கூடாது என்று பியூனுக்கு உத்தரவு போயிற்று. ஒருநாள் காலையில் அவர் தோல் பைக்குள்ளிருந்து ஓர் எவர்சில்வர் டப்பா எடுத்தார். உள்ளே உப்பு போடாமல் வேகவைத்த நெத்திலி. விடியும் முன்னே விழிஞ்ஞத்துக்கு ஸ்கூட்டரில் போய்ப் படகிலிருந்து இறங்கும்போதே வாங்கி வந்திருக்கிறார். டீ கூட நுழையாத அறையில் மீன் வாசனை அடித்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு நாள் நான் கதவைத் தட்டப் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஆள் இருக்கிறார்கள் என்று காத்திருந்தேன். பசுவின் வயிற்று ஆபரேஷன் ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் இவ்வளவு பொறுமையாக எதையும் விளக்கியதே இல்லை. பேச்சு முடிந்ததும் உள்ளே போனால், அறையில் சாரும் பூனையும்தான்.

அண்ணாச்சியும் சசியும் வாரம் தவறாமல் வந்தார்கள். அண்ணாச்சி கூண்டருகே குனிந்து, "புதுப் பச்சரிசி வந்து எறங்கியிருக்கு. நீ இல்லாம மூணு மூட்டை கிழிஞ்சு போச்சு பாத்துக்க" என்று கடைச் சேதி சொல்வார். சாருக்கு அது பிடிக்கவில்லை. "விசிட்டர் வேண்டா. அதுக்கு டென்ஷன் ஆகுது" என்றார். அன்றிலிருந்து அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

முதல் எக்ஸ்ரே எடுத்தோம். "ஒட்டல" என்றார் சார். முறிவைச் சுற்றிப் பஞ்சு போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். சரி என்றேன். அடுத்த எக்ஸ்ரேயில் புது எலும்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாலம் போட்டிருந்தது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. சார் படத்தை ஜன்னலில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்து, "ஒட்டல" என்றார்.

"சார், இங்கே பாருங்கோ. நன்னா மூடியிருக்கு."

"ஒரு சைடு சந்தேகம்."

அதற்கடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் சந்தேகம் என்றார். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். அவர் கண் கூண்டில் இருந்தது. கூண்டுக்குள் அண்ணாச்சி போட்ட சாக்கு போய், தைத்த மெத்தை ஒன்று வந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிற மனுஷர், போய்ப் பேச அங்கே சுவரைத் தவிர யாருமில்லை. கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மேலதிகாரியிடம் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு எதுவும் புரியவில்லை. அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் "ஒட்டல" என்ற ஒரு வார்த்தைதான். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தோம்.

ஒருநாள் அண்ணாச்சி, சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். சசியும் கூட. அண்ணாச்சி நன்றாகக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். குரல் மட்டும் நிலையாக இல்லை.

"சார், காலை எடுத்துருங்க."

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாள் நீங்களும் டாக்டரம்மாவும் பட்ட பாட்ட நான் மறக்க மாட்டேன். ஒட்டாதது ஒட்டாது. அதுக்காக இவள இன்னும் கூட்டுக்குள்ள போட்டு வதைக்க வேண்டாம். மூணு காலோட வரட்டும். நான் ஏற்பாடு பண்ணிட்டேன். மேல வரைக்கும் மூட்டைய படி மாதிரி அடுக்கி வச்சாச்சு. மெதுவா ஏறிக்கிடுவா. எடம் அடைக்கும், அடைக்கட்டும். சசியும் பயலுவளும் சேந்து அடுக்கினானுவ. கூலின்னு வாயத் தொறக்கலை சார்."

ஆரியசாலையில் மூட்டையைத் தொட்டுவிட்டுக் கூலி கேட்காத கதையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சாரைப் பார்த்தேன். என்னால் அதற்குமேல் தாங்க முடியாது, அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவதாக இருந்தேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"காலை எடுக்க வேண்டா" என்றார் சார். "அது ஒட்டியாச்சு. எப்பவே ஒட்டியாச்சு."

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்பறம் ஏன் சார் ஒட்டலை ஒட்டலைன்னு சொன்னீய?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு மூட்டை இருந்தால் அதைத் தூக்கி அடித்திருப்பார், அப்படி ஒரு கோபம் அந்த முகத்தில்.

சார் தலையைக் குனிந்துகொண்டு கூண்டின் கதவைத் திறக்கப் போனார். கொக்கி கையில் சிக்காமல் தட்டிக்கொண்டே இருந்தது, விரல்கள் நடுங்கின. அண்ணாச்சி அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மெத்தையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த மீன் டப்பாவைப் பார்த்தார். காலம் பூராவும் வாடிக்கையாளர் முகம் பார்த்து வியாபாரம் செய்தவர் அவர். கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"கடை ஆரியசாலைலதான் சார் இருக்கு" என்றார். "ஞாயித்துக்கெழமையும் உச்சி வரைக்கும் தொறந்திருப்போம்."

சார் மேஸ்திரியைத் தூக்கி அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். "மேஸ்திரிக்கு உப்பில்லாத மீன்தான் கொடுக்கணும்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை அவர் பேர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூனை எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் ஆரியசாலைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே சார் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் துணிப்பை. லாரிக் கணக்கில் சரக்கு விற்கிற கடையில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கால் கிலோ துவரம்பருப்பு" என்று கேட்டார். அண்ணாச்சி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் அதைப் போட்டார். தராசுக்கு எதுவும் தெரியவில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "அவசரமில்லேன்னா உள்ள வந்து உக்காருங்க சார்" என்றார்.

சார் உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. மேஸ்திரி குடோன் நடுவில் நின்றுகொண்டிருந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. எதிரே சசியும் அவர் ஆட்களும் அடுக்கிய மூட்டைப் படிகள், பதமாக, ஒவ்வொன்றும் அரையடிக்கு மேல் போகாமல், மேல்தட்டு வரை போயின. மேஸ்திரி அந்தப் படிகளை முகர்ந்து பார்த்தது. பிறகு அவற்றைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய், நெட்டுக்குத்தாக நின்ற அடுக்கின்மேல் ஒரே தாவலாகத் தாவி, இன்னொரு தாவலில் உச்சிக்குப் போய்விட்டது. மேலேயிருந்து வழக்கம்போல எல்லாருடைய வேலையையும் பார்க்க ஆரம்பித்தது.

நான் சாரைப் பார்த்தேன். அவர் கழுத்தை அண்ணாந்தபடியே நின்றார். கண்ணில் நிறைந்து நின்றதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கண்டியா ஜானகி?" என்றார். "அந்தக் காலை ஊணித்தான் மேல சாடினது."